கப்பல் திருகோணமலையில் ஒரு பகல் நிற்கிறது: மட்டக்களப்பு உறவுகளைச் சந்திக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் பெரியம்மாவின் மகளும் அத்தானும் ரொறன்ரோவில் இருக்கிறார்கள். அத்தான் ஓய்வு பெற்ற பிறகு இருவருக்கும் கப்பல் பயணம் பிடித்துப்போனது. சிங்கப்பூரில் ஏறி துபாயில் இறங்கும் பெரிய சொகுசுக் கப்பல் ஒன்று, வழியில் திருகோணமலையில் ஒரு பகல் நிற்கும் என்று அக்கா சொன்னபோது, அம்மா கேட்ட முதல் கேள்வி: "கப்பல் மட்டக்களப்புக்கு வராதாகா?"

வராது. ஆனால் அந்த ஒரு பகலை ஒழுங்காகப் பிரித்தால், அக்காவும் அத்தானும் நம்மோடு உட்கார்ந்து ஒரு நேரம் சோறு சாப்பிட்டுவிட்டுப் போக முடியும். நாங்கள் இதை இரண்டு முறை முயன்றோம். முதல் முறை நடக்கவில்லை, இரண்டாவது முறை நடந்தது. இரண்டிலும் கற்றதை, கப்பலில் வருகிறவர்களுக்கும் ஊரில் காத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஒரு பக்கம் மட்டும் ஆயத்தமாக இருந்தால் இந்த நாள் கைகூடாது.

ஏன் திருகோணமலை

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். ஆனால் கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் திட்டு அடைத்துக்கொள்ளும். 1602இல் ஒல்லாந்தரான ஸ்பில்பேர்கன் கப்பல்களோடு மட்டக்களப்புக்கு வந்தார், இங்கிருந்துதான் கண்டி அரசனைப் பார்க்கப் போனார். அந்தக் காலத்துக் கப்பல்களுக்குப் போதுமாக இருந்த கரை, ஆயிரக்கணக்கான பேரை ஏற்றிக்கொண்டு வரும் இன்றைய கப்பலுக்குப் போதாது. பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு மட்டும் நமக்கு மிச்சம்.

அம்பாறைப் பக்கம் ஒலுவிலில் துறைமுகம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். கல்முனையின் மனிதரான அஷ்ரப் அமைச்சராக இருந்தபோது கண்ட கனவு அது. 2013இல் திறந்தும் வைத்தார்கள். ஆனால் வாய்ப்பகுதியில் மணல் சேர்ந்து மீன்பிடி வள்ளங்களே திண்டாடின, பக்கத்துக் கரையையும் கடல் தின்றது. இப்போதைக்கு கிழக்கில் பெரிய பயணிகள் கப்பல் நிற்க இடம் என்றால் அது திருகோணமலைதான், இயற்கையே தோண்டிக் கொடுத்த ஆழமான துறைமுகம். 2023 ஜூனில் சென்னையிலிருந்து கோர்டெலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வரத் தொடங்கியபோது சொகுசுக் கப்பல் என்ற சொல் ஊரில் நன்றாகவே அடிபட்டது.

டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்க வேண்டியவை

பயணத் திட்டத்தில் "திருகோணமலை" என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறது என்று பாருங்கள். காலை 7 முதல் மாலை 6 வரை என்றால் நல்லது. மதியம் 2 மணிக்கே கிளம்பும் கப்பல் என்றால், ஊர்க்காரர்கள் திருகோணமலைக்கு வந்து பார்ப்பதுதான் ஒரே வழி.

அடுத்து, கப்பல் இறங்குதுறையில் கட்டுமா, நடுத்துறையில் நங்கூரம் போட்டு சின்னப் படகில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுவருமா என்று கேளுங்கள். படகு என்றால் போகும்போதும் வரும்போதும் வரிசை நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் அரை மணி நேரம் கழித்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆடும் படகில் கால் வைப்பது சிரமம்.

விசா விடயத்தை ஊகத்தில் விட வேண்டாம். இலங்கையில் பிறந்தவர் என்றாலும் கையில் இருப்பது கனடாக் கடவுச்சீட்டு என்றால் நீங்கள் வெளிநாட்டவர்தான். கரையில் இறங்க என்ன அனுமதி வேண்டும் என்று கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தோன்றாது: அறையை எந்தப் பக்கம் எடுப்பது. திருகோணமலைக்குப் பிறகு கொழும்புக்கோ அம்பாந்தோட்டைக்கோ போகிற கப்பல் என்றால், போகும் திசையில் வலது பக்க அறை எடுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நேரத்தைக் கழித்துப் பாருங்கள்

இந்த நாளின் முழு வெற்றியும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஆகவே நிதானமாகப் போடுவோம்.

கப்பல் 7 மணிக்கு வருகிறது என்று வையுங்கள். வந்தவுடன் யாரும் இறங்க முடியாது. அதிகாரிகள் ஏறிப் பார்த்து அனுமதி கொடுக்க வேண்டும். பிறகு கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்களை முதலில் இறக்குவார்கள். தனியாகப் போகிறவர்கள் பிறகுதான். துறைமுக வாசலுக்கு வெளியே கால் வைக்கும்போது எட்டரை ஆகிவிடும்.

மாலையில் கப்பல் 6 மணிக்குக் கிளம்பினால், எல்லோரும் கப்பலுக்குள் இருக்க வேண்டிய கடைசி நேரம் 5 அல்லது ஐந்தரை. அதைப் பார்த்துக்கொண்டு ஓட வேண்டாம். வாசலில் 4 மணி என்று உங்களுக்கு நீங்களே நேரம் வையுங்கள். ஆக, கையில் இருப்பது ஏழரை மணித்தியாலம்.

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு ஏ15 வீதி வழியாக ஏறத்தாழ 130 கிலோமீற்றர். முன்பு கிண்ணியா, கங்கை, இறால்குழி என்று ஒவ்வொரு ஆற்றிலும் பாதை என்ற மிதவைப் படகில் ஏறி இறங்கி, அரை நாள் அதிலேயே போகும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், அப்புறம் மற்றப் பாலங்களும் வந்தன. இப்போது மூன்று மணித்தியாலம் என்று வைத்தால் சரி. இரண்டரையில் போகலாம் என்று வான் சாரதி சொல்வார். மாடு, மழை, ஊர்த் திருவிழா எதுவும் இல்லாத நாளில் அது உண்மை.

அப்படிப் பார்த்தால் போக மூன்று, வர மூன்று. மட்டக்களப்பில் மிஞ்சுவது ஒன்றரை மணித்தியாலம். அந்த நேரத்தில் ஒரு வீட்டுக்குத்தான் போகலாம். கல்லடிப் பாலமும் கோட்டையும் வானுக்குள்ளிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கே சந்திப்பது

நாங்கள் சந்தித்த இடம் வாகரை. இந்த வழிகாட்டியில் நான் மிக உறுதியாகச் சொல்லும் ஆலோசனை இதுதான்: நடுவழியில் சந்தியுங்கள்.

வாகரை இரண்டு ஊருக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது. கப்பலிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்றரை, ஒன்றேமுக்கால் மணித்தியாலம். பத்தேகாலுக்கு வந்து இரண்டேகாலுக்குக் கிளம்பினால், நான்கு மணித்தியாலம் ஒன்றாக இருக்கலாம். மட்டக்களப்பில் கிடைக்கும் ஒன்றரைக்கும் இந்த நான்குக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். எண்பத்தொரு வயது அம்மாவை கல்லடியிலிருந்து வாகரைக்குக் கூட்டிப் போவது சிரமம் என்று தம்பி முதலில் மறுத்தான். அம்மாதான் முதல் ஆளாக வானில் ஏறி உட்கார்ந்தார்.

கடற்கரையோரம் ஒரு விடுதியில் பகலுக்கு மட்டும் ஓர் அறை எடுத்தோம். சமையலுக்காக எடுக்கவில்லை. முதியவர்களுக்கு மின்விசிறி, சுத்தமான கழிவறை, கொஞ்சம் கால் நீட்ட ஒரு கட்டில் வேண்டும். இதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பாசிக்குடாவும் நல்ல தெரிவுதான். ஆழமில்லாத கடல், பெரிய விடுதிகள், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் கப்பலிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னும் முக்கால் மணி கூடுதல். மழை நாள் என்றால், எல்லோரும் திருகோணமலைக்கே போய்விடுங்கள். கோணேசர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, அங்கேயே ஓர் இடத்தில் சாப்பிடலாம்.

பிறந்த வீட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் இருப்பார்கள். நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு என்பதால், அக்காவுக்கு அந்த ஏக்கம் இன்னும் அதிகம். கிணற்றடியையும் மாமரத்தையும் பார்க்க வேண்டும் என்றுதான் அவரும் தொடங்கினார். கணக்கைப் போட்டுக் காட்டினேன். பிறகு சின்னம்மாவோடு நான்கு மணித்தியாலம் போதும் என்றார். தம்பி காலையில் கிணற்றடியை வீடியோ எடுத்துக்கொண்டு வந்தான், கூடவே அந்த மரத்து மாங்காய் நான்கு. உங்களுக்கு வீடுதான் முக்கியம் என்றால் போய் வாருங்கள், தவறில்லை. ஆனால் ஒரு வீடு மட்டும். "பக்கத்தில் மாமி வீடு, அஞ்சு நிமிடம்தானே" என்று தொடங்கினால் கப்பல் போய்விடும். மாமியை அந்த வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.

ஊரில் இருப்பவர்கள் செய்ய வேண்டியவை

முதல் முறை நாங்கள் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். அது டிசம்பர். அம்மா முதல் நாளே நண்டு வாங்கி வைத்து, விடியற்காலை சமைத்து முடித்து, பட்டுச்சேலை உடுத்தி உட்கார்ந்திருந்தார். ஏழு மணிக்கு அக்காவின் செய்தி வந்தது: காற்றும் அலையும் அதிகம், கப்பல் நிற்காமல் போகிறது. கப்பல் நிறுவனங்களுக்கு அந்த உரிமை உண்டு. டிக்கெட்டின் நிபந்தனைகளிலேயே எழுதியிருக்கும். அம்மா அந்தச் சேலையை மாலை வரை மாற்றவில்லை.

ஆகவே, கப்பல்கள் நம் பக்கம் அதிகம் வரும் காலமும் வடகீழ்ப் பருவமழைக் காலமும் ஒன்றோடொன்று முட்டும் என்பதை முதலிலேயே மனதில் வையுங்கள். நவம்பர், டிசம்பர் என்றால் மனதைத் தயார்படுத்தியே காத்திருக்க வேண்டும். பெப்ரவரி, மார்ச் என்றால் நம்பிக்கை கூடும். பெருமழை என்றால் மகாவலி பெருகி, வெருகல், கிளிவெட்டிப் பக்கம் வீதியில் தண்ணீர் ஏறும். முந்தின நாள் அந்தப் பக்கம் யாரையாவது போனில் கேட்டுவிடுங்கள். உள்நாட்டுப் பக்கம் ஹபரணை வழியாகச் சுற்றி வரும் வழி மிக நீளம், ஒரு பகலுக்குள் சரிவராது.

வானை ஊரிலிருந்தே அனுப்புங்கள். தம்பியோ மருமகனோ ஒருவர் அதில் போகட்டும். துறைமுகத்துக்குள் அனுமதி இல்லாமல் உங்களை விடமாட்டார்கள், வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். எந்த இறங்குதுறை என்பதை முன்பே கேட்டு வையுங்கள். திருகோணமலைத் துறைமுகம் பரந்தது. நகரப் பக்கம் நின்றுகொண்டு சீனன்குடாப் பக்கம் இறங்குகிறவரைத் தேடினால் அரை மணி போய்விடும்.

உள்ளூர் சிம் போட்ட சின்ன போன் ஒன்றை சார்ஜ் ஏற்றிக் கொடுத்து அனுப்புங்கள். வாசலில் வைத்தே அதை அக்கா கையில் கொடுக்க வேண்டும். அவர்களுடைய கனடா போன் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், அந்த நாள் முழுவதும் இது அவர்களிடமே இருக்கட்டும்.

மரைன் டிராஃபிக் என்ற செயலியில் கப்பலின் பெயரைப் போட்டால், அது எங்கே வருகிறது என்று வரைபடத்தில் தெரியும். இரண்டாவது முறை அடுப்பை அதைப் பார்த்த பிறகுதான் மூட்டினோம். விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தம்பியின் போனில் அந்த நீலப் புள்ளியைப் பார்த்தபடி இருந்தார். புள்ளி துறைமுக வாய்க்குள் திரும்பியதும் "தேங்காயைத் துருவு" என்றார்.

முதல் நாள் இரவு, கப்பலில்

இனி வருவது கப்பலில் உள்ள தம்பதிக்கு.

இரவில் அறைக்கு வரும் நாளேட்டை வாசியுங்கள், அல்லது கப்பலின் செயலியில் பாருங்கள். கரைக்கு இறங்கும் நேரம், திரும்பி ஏற வேண்டிய கடைசி நேரம், துறைமுக முகவரின் (அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் ஆள்) தொலைபேசி எண் மூன்றையும் போனில் படம் எடுங்கள். காகிதத்தையும் மடித்து பைக்குள் வையுங்கள்.

அடுத்தது கடிகாரம். இலங்கை நேரம் சிங்கப்பூரை விட இரண்டரை மணித்தியாலம் பின்னால். மாலைதீவிலிருந்து வந்தால் அரை மணி முன்னால். சில கப்பல்கள் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் நேரத்தை மாற்றும், சில மாற்றாமல் தன் நேரத்திலேயே போகும். போன் கரையைக் கண்டதும் தானாக மாறிவிடும். கப்பல் எந்த நேரத்தில் இயங்குகிறது என்று வரவேற்பு மேசையில் கேட்டு, கைக்கடிகாரத்தில் அதை வையுங்கள். பிறகு அந்தக் கடிகாரத்தை மட்டும் நம்புங்கள்.

கைப்பையில்: கப்பல் அட்டை, கடவுச்சீட்டு, விசா அனுமதியின் பிரதி, இரண்டு நாளுக்கான மருந்து, கொஞ்சம் பணம். சில கப்பல்கள் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். அப்படியென்றால் பிரதியாவது வேண்டும். மருந்து இரண்டு நாளுக்கு ஏன் என்றால், கப்பலைத் தவறவிட்டால் அத்தானின் பிரஷர் மாத்திரை கடலில் போய்க்கொண்டிருக்கும்.

இறங்கும் காலை

ஆறரைக்கே காலைச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள், கொஞ்சமாக. ஊரில் என்ன காத்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பழம், சான்ட்விச் எதையும் கரைக்கு எடுத்துப் போக வேண்டாம், பல துறைமுகங்களில் அனுமதிப்பதில்லை.

இறங்கும் கதவடியில் அட்டையைக் காட்டினால் கருவி ஒரு சத்தம் போடும். அதோடு நீங்கள் வெளியே என்று கணக்கு.

ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் மற்றவர் மட்டும் போகலாம். துறைமுக நாளில் கப்பல் அமைதியாக இருக்கும், நீச்சல் குளத்தடியில் ஆளே இருக்காது. ஆனால் அத்தானைப் போல, முழங்காலுக்குப் பட்டி கட்டிக்கொண்டு "நானும் வாறன்" என்று நிற்கிறவரைத் தடுக்க வேண்டாம். வானில் முன் இருக்கையைக் கொடுங்கள், கால் நீட்டலாம்.

வழியில் வெருகல் வரும். ஆற்றங்கரையில் சித்திரவேலாயுத சுவாமி கோயில். பத்து நிமிடம் இறங்கிக் கும்பிடலாம். வேறெங்கும் நிறுத்த வேண்டாம்.

சேர்ந்திருக்கும் நேரம்

இதற்கு வழிகாட்டி தேவையில்லை என்று நினைப்பீர்கள். ஒன்றிரண்டு சொல்கிறேன்.

சமைத்ததை ஊரிலிருந்தே கொண்டு போங்கள். நாங்கள் கொண்டு போனது சிவப்பரிசிச் சோறு, களப்பு இறால் கறி, கூனிச் சம்பல், முருங்கையிலைச் சுண்டல், சட்டித் தயிர். மீனை மட்டும் வாகரையில் வாங்கி விடுதியில் பொரித்துத் தரச் சொன்னோம். கப்பலில் பத்து வகை வைத்திருப்பார்கள், கூனிச் சம்பல் இருக்காது. கடல் உணவு ஒத்துக்கொள்ளாத மச்சாள் ஒருவர் வந்தால் அவருக்குத் தனியாக வையுங்கள்.

படம் எடுப்பதை முதல் பத்து நிமிடத்தில் முடியுங்கள். பிறகு போன்களை ஒரு பக்கம் வையுங்கள். அன்றைக்கு அம்மா அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தவர் சாப்பிடும்வரை விடவில்லை. பெருவிரலால் அந்த எலும்பைத் தடவிக்கொண்டே, "மெலிஞ்சு போனாய் மனே" என்றார். அக்காவுக்கு அறுபத்திமூன்று வயது. அம்மா இடக்கையால் தயிர் ஊற்றி, வலக்கையால் பிசைந்து கொடுத்த முதல் கவளத்தை வாங்கும்போது அக்கா நிமிரவே இல்லை. அத்தான் எழுந்து கடல் பக்கம் போய் நின்றார்.

மருந்து எழுதிக் கொடுப்பது, காணி உறுதி, யார் யாருக்கு என்ன கொடுப்பது போன்ற பேச்சுகளை முன்கூட்டியே போனில் முடித்துவிடுங்கள். நான்கு மணித்தியாலத்தில் அவற்றுக்கு இடமில்லை.

ஒருவர் நேரம் பார்க்கும் பொறுப்பை எடுக்க வேண்டும். அது தம்பதியாக இருக்கக் கூடாது, முதியவராகவும் இருக்கக் கூடாது. எங்களுக்கு மருமகன். ஒன்றேமுக்காலுக்கு ஒரு முறை சொன்னான். இரண்டு மணிக்கு வானை இயக்கினான்.

என்ன கொடுத்து அனுப்பலாம்

திரும்பி ஏறும்போது பைகளை இயந்திரத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சமைத்த உணவு, தயிர்ச் சட்டி, பழங்கள் இவற்றைப் பெரும்பாலும் விடமாட்டார்கள். கத்தி, அரிவாள்மணை நினைக்கவே வேண்டாம். மாங்காயை வாகரையிலேயே உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிட்டு முடித்தோம்.

கடையில் பொதி செய்து ஒட்டிய மரமுந்திரிகைப் பருப்பு, மிளகாய்த்தூள் போன்றவை கப்பலுக்குள் போகும் வாய்ப்பு அதிகம். ஆனால் கனடாவில் இறங்கும்போது சுங்கத்தில் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் விட நல்லது துணி. மருதமுனைக் கைத்தறிச் சேலை ஒன்று, அத்தானுக்கு சாரம் ஒன்று. பாரமில்லை, கெடாது, உணவுக்கு உள்ள சிக்கலும் இல்லை.

தவறவிட்டால்

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போனவர்கள் தாமதித்தால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்குக் காத்திருக்காது. நேரம் நெருங்குகிறது என்று தெரிந்தவுடனேயே துறைமுக முகவருக்கு அழையுங்கள். தவறிவிட்டால், பல கப்பல்களில் அறைப் பெட்டகத்தில் உள்ள கடவுச்சீட்டை எடுத்து முகவரிடம் விட்டுப் போவார்கள்.

அடுத்த துறைமுகம் கொழும்பு அல்லது அம்பாந்தோட்டை என்றால் அழுது புலம்ப வேண்டாம். பாக்கு நீரிணை ஆழமில்லாததால் பெரிய கப்பல் தெற்கே சுற்றித்தான் கொழும்புக்குப் போக வேண்டும். இரவே வானில் கிளம்பினால் அதற்கு முன் நீங்கள் போய்விடலாம். செலவு உங்களுடையது. அடுத்த துறைமுகம் வேறு நாடு என்றால் விமான டிக்கெட்தான். அதனால்தான் 4 மணி என்று சொன்னேன்.

இரவு பத்து மணி

வலது பக்க அறை ஏன் என்று இப்போது சொல்கிறேன். 6 மணிக்குக் கிளம்பிய கப்பல், தெற்கே திரும்பினால், மூன்றரை நான்கு மணித்தியாலத்தில் மட்டக்களப்புக்கு நேரே கடலில் போகும். கரை வலது பக்கம். இரவுச் சாப்பாட்டை முன்னதாக முடித்துவிட்டு, ஒன்பதரைக்கு பால்கனிக்கோ மேல்தளத்துக்கோ வந்துவிடுங்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அந்தக் கடலின் அடியில்தான் கிடக்கிறது. அதுவும் திருகோணமலையிலிருந்து கிளம்பி வந்ததுதான். அத்தானுக்கு இந்தக் கதையைச் சொல்லி அனுப்பியிருந்தேன்.

ஊரில் இருப்பவர்கள் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு கல்லடிக் கடற்கரைக்குப் போங்கள். முதியவருக்கு ஒரு கதிரையும் போர்வையும் கொண்டு போங்கள், காற்று அடிக்கும். கப்பல் எவ்வளவு தூரத்தில் போகும் என்பது மாலுமியின் கையில். சில நேரம் ஒன்றுமே தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது. அடிவானத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெளிச்சக் கோடு, மெதுவாக வலப்பக்கம் நகர்ந்தது. அம்மா டோர்ச்சை எடுத்து அந்தப் பக்கம் பிடித்து, அணைத்து, மறுபடி பிடித்தார். அப்போது அக்கா கையில் கொடுத்து அனுப்பிய சின்ன போனுக்கு ஒரு கோடு சிக்னல் கிடைத்திருக்கிறது. அழைப்பு வந்தது.

"சின்னம்மா, கரையில எங்க நிக்கிறீங்க? வெளிச்சமெல்லாம் ஒண்டாத் தெரியுது."

"பாலத்துக்கு இஞ்சால மனே," என்று சொல்லி அம்மா டோர்ச்சை இன்னும் உயர்த்திப் பிடித்தார்.